நாளைக்கு வேற டிரைவர்

தங்கதுரை: இப்பவே போன் போடு மௌனி. நாளைக்கு வேற டிரைவர் வரோணும்.

மௌனிகா: ஏனுங்கப்பா? அவரு என்ன பண்ணுனாரு?

தங்கதுரை: என்ன பண்ணுனானா? காலைல எட்டு மணிக்கு எறக்கி உட்டான். கொச்சி பூராவும் நடந்தே தீத்தாச்சு. இந்தக் கேரவன எதுக்கு வாடகைக்கு எடுத்தோம்? உள்ள கட்டலு, அடுப்பு, கக்கூஸு எல்லாம் இருக்குது… நாம வெயில்ல நடக்கறோம், அது ஜம்முன்னு மைதானத்துல நிக்குது.

மௌனிகா: அந்தச் சந்துக்குள்ள இத்தனை பெரிய வண்டி போகுங்களா? நீங்களே சொல்லுங்க.

மருதாத்தாள்: எனக்குச் செருப்பே கழல மாட்டேங்குது. கால் அப்படி வீங்கிக் கெடக்குது.

தங்கதுரை: கேட்டியா? உங்கம்மா கட்டல்ல படுத்துட்டுச் சொல்றா. கொழிஞ்சாம்பாறைல இருந்து இத்தனை தூரம் வந்தது இதுக்குத்தானா?

மௌனிகா: கூட நடந்தவரு அவரும்தானுங்களே. நீங்க ஒரு தாட்டி நடந்தீங்க. அவரு நாலு தாட்டி.

தங்கதுரை: நாலா? எப்படி?

மௌனிகா: அரண்மனை வாசல்ல நின்னுட்டுக் குடைய வண்டில மறந்துட்டேன்னீங்க. அனுப்புனீங்க. சர்ச்சுகிட்டப் போயி கண்ணாடி. மீன்வலைகிட்ட அம்மாவோட மாத்தரை. ஒவ்வொரு தாட்டியும் ஓடிப் போயி ஓடி வந்தாரு. சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு.

தங்கதுரை: டிரைவருன்னா அதுக்குத்தான்.

மௌனிகா: 'டேய் டிரைவரு'ன்னு கூப்புடறதும் அதுக்குத்தானுங்களா? ஜின்சன்னு பேரு இருக்குதில்லீங்க?

தங்கதுரை: எனக்கு வாயில நொழையல.

மருதாத்தாள்: நொழையாதாமா. கறவை மாட்டுக்கு ஜாஸ்மின்னு பேரு வெக்க மட்டும் நொழஞ்சுது.

தங்கதுரை: நீ படுத்துத் தூங்கு மருதா.

மௌனிகா: மத்தியானம் நாம மூணு பேரும் ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஊணு சாப்பிடறோம். அவரு வெளிய வெயில்ல நிக்கறாரு. வா, உக்காருன்னு ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த சொன்னீங்களா?

தங்கதுரை: டிரைவருங்க தனியாத்தான் சாப்பிடுவாங்க. ஊரு ஒலகத்துல இல்லாததா?

மௌனிகா: எனக்கு அந்தச் சோறு எறங்கவே இல்லீங்கப்பா.

தங்கதுரை: ரண்டு தாட்டி மோர் வாங்கிக் குடிச்சே.

மௌனிகா: அப்பா!

மருதாத்தாள்: மெதுவாப் பேசுங்க. தண்ணி புடிக்கப் போனவன் வந்துருவான்.

தங்கதுரை: வரட்டும். வண்டிக்காரன் பேரென்ன… ஷிஜுதான? அவனுக்குப் போனப் போட்டு…

மௌனிகா: நாளைக்குப் போடிமெட்டு ஏறோணுமுங்க. மலை ரோடு. இவரு அங்கயே பொறந்தவரு. எஸ்டேட் ஜீப்பு ஓட்டிப் பழகுனவரு. புதுசா வர்றவனுக்கு அந்த வளைவெல்லாம்…

தங்கதுரை: போடிமெட்டுல அப்படி என்னதான் இருக்குது? ஏலக்காயும் மூடுபனியும். அதப் பாக்கோணும்னு ரண்டு மாசமா நச்சரிக்கறே.

மௌனிகா: இருங்கப்பா, அம்மாவுக்குக் காலு அமுக்கி உடறேன்.

மருதாத்தாள்: ஏம்புள்ள, பேச்ச மாத்தறே?

தங்கதுரை: நாளைக்கு இவன் இந்த வண்டிய ஓட்டக் கூடாது. அவ்வளவுதான்.

மௌனிகா: அப்ப நானும் இங்கயே எறங்கிக்கறனுங்க.

தங்கதுரை: ஒரு டிரைவருக்காகவா?

மௌனிகா: அவரு டிரைவர் இல்லீங்கப்பா.

மருதாத்தாள்: அப்பறம் ஆரு?

மௌனிகா: நம்மூருப் பக்கத்துல சித்தூர்ல, எங்க மண்ணு பரிசோதனை லேப்லதான் இருக்காரு. எனக்குப் பக்கத்து மேசை. ரண்டு வருசமா… வண்டி அவரு கூட்டாளி ஷிஜுவோடது. ஊட்டுக்கு வந்தா வாசலோட அனுப்பிருவீங்க. நாலு நாள் கூட இருந்தாப் பாத்துப் பழகி உங்களுக்கே புடிச்சிரும்னு… யோசனை என்னுதுதானுங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு.

மருதாத்தாள்: அடப்பாவி மவளே! நேத்து அவனைய நான் பாத்தரம் கழுவச் சொன்னேனே!

மௌனிகா: கழுவுனாரில்லீங்களா? நாளைக்குப் போடிமெட்டுல அவங்கப்பா அம்மா காத்துட்டிருப்பாங்க. அவங்கம்மா இன்பமேரியம்மா எஸ்டேட் வேலைக்கு லீவே சொல்லீட்டாங்க. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க… அதையும் இப்பவே சொல்லீர்றேன். இவர அனுப்பீட்டீங்கன்னா அவங்க மூஞ்சில நான் எப்படிங்க முழிக்கறது?

தங்கதுரை: தெரியும்.

மௌனிகா: என்னங்க தெரியும்?

தங்கதுரை: சாயங்காலம் படகுல சுத்தி வரும்போது உன்ற தண்ணி பாட்டில அவன்கிட்டக் குடுத்தே. அவன் வாய் வெச்சுக் குடிச்சான். மிச்சத்த நீ குடிச்சே. தொடைக்கக்கூட இல்ல.

மௌனிகா: அது… தாகமுங்க.

தங்கதுரை: உங்கம்மா வாய் வெச்ச டம்ளரையே ரண்டு தாட்டி கழுவறவ நீ. அண்ணாந்து குடிங்க, கிருமி வரும்னு எனக்கே பாடம் எடுக்கறவ.

மருதாத்தாள்: நான் பாக்கவே இல்லியே!

தங்கதுரை: நீ என்ற தோள்ல சாஞ்சு தூங்கீட்டு வந்தே.

மௌனிகா: அப்ப தெரிஞ்சுதான் அவர அனுப்பப் பாக்கறீங்க. இது அதவிட மோசமுங்கப்பா. நேராத் திட்டீருக்கலாம். டிரைவர் சரியில்லைன்னு ஒரு பொய்யச் சொல்லி, வந்த மனுசன வழியில எறக்கி உடறது… நியாயமுங்களா?

தங்கதுரை: நியாயத்த நீ பேசறியா? கல்யாணப் பேச்ச நான் இன்னும் யோசிக்கவே இல்ல. அது பெரிய பஞ்சாயத்து, ஊருக்குப் போயி உக்காந்து பேசோணும். ஆனா இப்படி ஒருத்தன் மொதத் தாட்டி வந்தா, எலை போட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுச் சோறு போடறதுதான் நம்மூட்டு வழக்கம். புடிச்சாலும் புடிக்காட்டியும். நீ என்ன பண்ணுனே? ரண்டு நாளா 'டேய்'னு கூப்புட வெச்சுட்டே. குடைக்கும் கண்ணாடிக்கும் முடுக்க வெச்சுட்டே. அவன் வெயில்ல நிக்க நான் பாயசம் குடிச்சேன்… நான் தெரிஞ்சா செஞ்சேன்?

மௌனிகா: அப்பறம் எதுக்குங்க வேற டிரைவரு?

தங்கதுரை: படகு எறங்குனதும் ஒண்ணுக்குப் போறேன்னு போனேனில்ல… போகல. டீ வாங்கீட்டு அவன்கிட்டப் போனேன். எந்திரிச்சு நின்னான். என்ன சொல்லிக் கூப்புடறதுன்னே தெரியல. டீயக் கையில குடுத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். இனி அந்த மனுசன முன்னால உக்கார வெச்சு, அங்க உடு, இங்க நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஷிஜுவ வரச் சொல்லு, அவன் ஓட்டட்டும். அவரு பின்னால எங்கூட உக்காந்து வரட்டும்.