யாரும் தொடாத வேலை

கண்ணெதிரே வேலை குவிந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது சார். சிங்க்கில் ஒரு டம்ளர் கழுவாமல் கிடந்தால்கூட எழுந்து போய்க் கழுவிவிட்டுத்தான் படுப்பேன். கடலூரில் எங்கள் கெமிக்கல் கம்பெனியில் பழுது வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டதற்கு அதுதான் காரணம்.

எல்லோர் போனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். எது பழுதோ அதை அதில் ஏற்ற வேண்டும். சரிசெய்த பிறகு நான் 'முடிந்தது' என்று போட்டால் எல்லோர் திரையிலிருந்தும் போய்விடும். ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. கேன்டீன் ஃபேன் கத்துகிறது, கேட்டருகே நாய் படுத்திருக்கிறது என்று எதையாவது ஏற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு ஃபில்டர் வைத்தேன். இரண்டு வாரம் யாரும் தொடாத, ஒரு வார்த்தைகூட எழுதாத வேலை யார் திரையிலும் தெரியாது. அழியாது, மறைந்திருக்கும், அவ்வளவுதான். திரை சுத்தமாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார்.

அன்பரசு எங்கள் ஆபரேட்டர். சிதம்பரத்துக்காரன். கெட்டிக்காரன், அதை நான் மறுக்க மாட்டேன். கழிவுநீர்க் குழியில் விஷவாயு சேர்ந்தால் அலாரம் அடிக்க வேண்டிய சென்சார் செத்துவிட்டது என்று கண்டுபிடித்து ஏற்றியது அவன்தான்.

அந்த வாரமே சிதம்பரம் கீழவீதியில் அவனை என் தங்கை பவானியோடு பார்த்தேன். ஆளுக்கொரு ரோஸ்மில்க் கையில். அவள் அங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கேட்டபோது ஒளிக்கவில்லை.

"அவரத்தாண்ணா கட்டிக்கப் போறேன். அப்பாகிட்ட நீதான் பேசணும்" என்றாள். பேசுகிறேன் என்றேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால் அரிவாளைத் தேடுவார். எனக்கு அந்தக் காட்டுமிராண்டித்தனமெல்லாம் ஆகாது. நான் டிப்ளமோ படித்தவன். அன்பரசுவின் டிபன் பாக்ஸிலிருந்தே மீன் எடுத்துத் தின்றிருக்கிறேன், சாதி பார்க்கிறவன் அப்படித் தின்பானா. ஆனால் கம்பெனி வேறு, வீடு வேறு. எங்கள் வாசலில் அவன் செருப்பு கிடப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்றுமுதல் அவனுக்கு என் மேல் புது மரியாதை. தினமும் டீக்கடையில் வந்து நிற்பான்.

"அண்ணே, அந்த சென்சாரு கொஞ்சம் பாருங்கண்ணே. குழில எறங்கவே பயமா இருக்குது."

பார்க்கிறேன் என்பேன். ஃபிட்டர் ராஜவேல் ஒருநாள் அவனைத் திட்டினான். "வாயால சொல்லி இன்னா ஆவப்போவுது? ஆப்ல ஒரு வார்த்த எழுதி உடு, மேனேஜரும் பாப்பாரு."

"வாணாம்டா. அண்ணன மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும்" என்றான் அன்பரசு. பெண் வீட்டு அண்ணனிடம் காட்டும் மரியாதையாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு வாரம் ஆனதும் அந்த வேலை திரையிலிருந்து போனது. முடிந்த வேலையும் போகும், மறைந்த வேலையும் போகும். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மறுநாள் அவனே எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாத்திட்டீங்க போலருக்கு. ரொம்ப தேங்ஸ்ண்ணே."

"ம்" என்றேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த வாரக் கடைசியில் குழியில் இறங்கினான். அலாரம் அடிக்கவில்லை. அடிக்காததால் வாயு இல்லை என்று நம்பியிருப்பான். ராஜவேல் கயிறு கட்டி மேலே இழுத்தபோது உயிர் இல்லை. பவானி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இப்போது உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என் வாக்குமூலத்தில் 'ஃபில்டர் அமைத்ததில் கவனக்குறைவு' என்று எழுதி வாசித்துக் காட்டுகிறார். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது சார். என் ஃபில்டரில் குறை கிடையாது. உயிருக்கு ஆபத்தான வேலைக்குச் சிவப்பு அடையாளம் வைக்க வழி செய்திருந்தேன். அது இருந்தால் எத்தனை மாதம் ஆனாலும் வேலை மறையாது. அன்பரசு அந்த அடையாளத்தோடுதான் ஏற்றியிருந்தான். கீழவீதியில் பார்த்த மறுநாள் நான் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். எடுப்பதும் தொட்டதாகவே கணக்கு. அன்றிலிருந்து இரண்டு வாரம் புதிதாக ஓட வேண்டும். காத்திருந்தேன். அதற்குள் அவன் ஆப்பில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பிழைத்திருப்பான். வாய்ப்புக் கொடுத்தேன், அவன் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவன் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. வேறு வீட்டில் மட்டும் பிறந்திருந்தால், பவானிக்கு நானே அவனைத்தான் பேசி முடித்திருப்பேன்.