சனிக்கிழமை மாத்திரைகளை மீட்ட எங்கள் தெல்லெர்வோவுக்கு

முப்பத்தோராண்டுகள் எங்கள் ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தின் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, காலணிப் பனியை உதறியபடியே முதல் நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்புச் செவிலியரே, தெல்லெர்வோ ஹக்கராய்னென் அவர்களே!

உங்கள் பண்புகளை அடுக்கத் தொடங்கினால், “காப்பி ஆறுது, சீக்கிரம் முடிங்க” என்று நீங்களே எழுந்து நிற்பீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

மரலாரி ஓட்டி ஓய்வுபெற்ற தைஸ்தோ குய்த்தினெனுக்குத் திங்கட்கிழமைதோறும் இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரைப் பெட்டியோ ஒழுங்காகக் காலி! பக்கவாதத்துக்கு அஞ்சிய மருத்துவர் மருந்தை இரட்டிப்பாக்கப் பேனாவை எடுத்தார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னீர்கள்.

“தைஸ்தோ, வெள்ளிக்கிழமை ஏரி வீட்டுக்குப் போறீங்களே, பெட்டியும் கூட வருதா?”

“வருதே.”

“மாத்திரை உள்ள போகுதா?”

“போகுது சிஸ்டர். அடுப்புக்குள்ள.”

நாங்கள் சிரித்துவிட்டோம். நீங்கள் சிரிக்காமல் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டீர்கள்.

“மாத்திரை போட்டுட்டு சவுனா நீராவிக் குளியல்ல உக்காந்தா தலை சுத்துது. போன மாசம் விழப் பார்த்தேன். சொன்னா சவுனாவே வேண்டாம்பீங்க. என் சம்சாரம் ஹில்யா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அந்த ரெண்டு நாள்தான்.”

“வேண்டாம்னு நான் சொல்வேனா? நானே சனிக்கிழமை விடாம போற ஆளு!”

மருத்துவரிடம் பேசி மாத்திரை வேளையை மாற்றினீர்கள். தைஸ்தோவை ஆவியறையில் சூடு மிகுந்த மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறக்கினீர்கள். நிறையத் தண்ணீர் குடித்து, மெல்ல எழப் பழக்கினீர்கள். ஆறே வாரத்தில் அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு! பிறகு மற்றவர்களையும் விசாரித்தால், சவுனா நாளில் மருந்துக்கும் விடுமுறை விட்டிருந்தவர்கள் இன்னும் பதினொரு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் இன்றும் நடந்துதான் நம் நிலையத்துக்கு வருகிறார்கள். இதைவிடப் பெரிய பட்டம் உங்களுக்கு எதற்கு?

நேற்று தைஸ்தோ வாசலில் நின்று, “இவங்க போயிட்டா, நான் பொய் சொன்னா யாரு கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டார். இப்போது, உங்கள் முன்னிலையில் சொல்கிறோம்: தைஸ்தோ, திங்கட்கிழமை வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். நீங்கள் உண்மையைச் சொல்லும்வரை அடுத்தவரை அழைக்க மாட்டோம்.

தெல்லெர்வோ அவர்களே, கவலையின்றிப் போய் வாருங்கள். நிறைந்த நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்!

என்றும் உங்கள் அன்பை மறவாத,
ஏரிக்கரைச் சுகாதார நிலையப் பணியாளர்கள்