பஸ் நிற்கும் பக்கம்

— நிப்பாட்டு ஸுபைதா, அந்த எடத்துல "பணிவோட"ண்டு போடாதே. பணிஞ்சு பணிஞ்சுதான் பஸ் நிக்கிற ஹோல்ட் றோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு.

— பஸ் ஆபீசுக்கு சிங்களத்துல போற பெட்டிசத்துல பணிவு இல்லாட்டி வாசிக்கவே மாட்டாங்க.

— சரி, ஒண்டு போடு. ஒண்டுக்கு மேல வேணாம். அதுக்குப் பொறகு எழுது. யட்டவத்த றோட்டுல இந்த எடத்துலதான் பஸ் திரும்புது. முப்பது வருசமா திரும்பி என்ட கடைக்கு முன்னுக்குத்தான் நிண்டது. கொம்பனிக்காரன் பஸ்ஸ ஓட்டக்கயும் நிண்டது, அரசாங்கம் எடுத்த பொறகும் நிண்டது...

— இருபது.

— என்னது இருபது?

— கடை போட்டு இருபது வருசம். முப்பது இல்ல.

— நீ என்ட பக்கமா, ஸக்கரியாட பக்கமா?

— நான் திரைக்கு உள்பக்கம். இருபதுண்டு எழுதுறேன்.

— எழுது. "இப்ப மூணு மாசமா, எந்த நியாயமும் இல்லாம, எதிர்க்கடைக்கு முன்னால நிப்பாட்டுறாங்க." ஸக்கரியாண்டு பேரப் போட்டுறாதே. "எதிர்க்கடைக்காரர் ஒருவர்"ண்டு போடு. இல்ல, "ஒருவன்"ண்டு போடு.

— அப்பிடி எழுதினா நாமதான் மரியாதை தெரியாதவங்க.

— மரியாதை! காலையில ஏழு மணி பஸ் வந்து அவனுக்கு ஆளை எறக்குது. எனக்கு என்ன எறக்குது? பொகை. திரும்பி நிக்கக்க பின்பக்கம் நேரா என்ட பணிஸ் போத்தலுக்குத்தான் ஊதும். நேத்து ஒரு மனுசன் பணிஸக் கடிச்சிட்டுக் கேக்குறான், முதலாளி, இது போறணையில சுட்டதா, எஞ்சின்ல சுட்டதாண்டு.

— பொகைய எழுதட்டா?

— எழுது. தண்ணிக் குழாயையும் எழுது.

— குழாய்க்கும் பஸ் ஆபீசுக்கும் என்ன?

— தெரிஞ்சு வச்சிக்கட்டும். கிராமச் சபைக்காரன் இந்த ஊருக்கே ஒரு குழாய் போட்டான். எங்க போட்டான்? அவன்ட பக்கம். வழியிற தண்ணி எங்க வருது? என்ட வாசலுக்கு. லாம்பு ஒண்டு நட்டான். வெளிச்சம் அவனுக்கு, பூச்சி எனக்கு. மாத்தளையில இருந்து பாண் பெட்டி வருதே, மொத எறங்குறது அவன்ட்ட. மெதுவா உள்ளதெல்லாம் அவன் அமுக்கிப் பாத்து எடுத்துட்டு, கருகினத எனக்கு அனுப்புறான். தபால்காரன் இந்தப் பக்கத்துக் கடுதாசியையும் அங்கயே வச்சிட்டுப் போறான். என்ட சாச்சா மவுத்தாகி அடக்கின சேதியவே நான் அவன்ட்டப் போய்க் கேட்டு வாங்கினேன். நான் கையில எடுக்க முந்தி அவன் இன்னாலில்லாஹி சொல்றான்! என்ட சாச்சாவுக்கு!

— துஆதானே செஞ்சாரு.

— செய்யட்டும். எனக்குப் பொறகு செய்யட்டும். இப்ப ரேடியோப் பெட்டி வேற. என்ட கடையில வந்து உக்காந்திருக்கிறவன்ட காலு அவன்ட பாட்டுக்குத் தாளம் போடுது ஸுபைதா. என்ட டீய குடிச்சிட்டு!

— பதுர்தீன் மொதலாளி! இருக்கீங்களா மொதலாளி?

— வாங்க அழகமுத்து, வாங்க! கண்டு எவ்வளவு நாளு! இந்த வாங்குல உக்காருங்க. தோட்டத்துல எல்லாரும் சொகமா? என்ன தரட்டும், பிளேன்டீயா, பால்டீயா?

— ஒண்ணும் வேணாங்க. இந்த மூட்டையக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? அந்தக் கடையில நிக்க எடமில்ல, ஒரே கூட்டம். அங்கன ஒரு டீ குடிச்சிப்புட்டு ஓடியாந்துர்றேன்.

— மூட்டைய நான் பாக்கிறது, டீய அவன்ட்டக் குடிக்கிறதா?

— பாட்டு போடுறாங்கல்ல மொதலாளி. நம்ம கடைன்னா ஆளு அரவமில்லாம அமைதியா இருக்கும். மூட்டைக்கு நல்லது.

— வைங்க. அந்த மூலையில வைங்க.

— புண்ணியமாப் போவும் மொதலாளி.

— போய்ட்டான். கேட்டியா ஸுபைதா?

— கேட்டேன். மூட்டைக்கு நல்லதாம்.

— சிரிக்கிறியா?

— இல்ல. அதையும் எழுதவாண்டு பாத்தேன்.

— சிரிக்க நேரமில்ல. றஹீம் பத்து மணி பஸ்ஸோட மாத்தளைக்குத் திரும்புறான். கண்டக்டர்மாருக்குள்ள அவன் ஒருத்தன்தான் நம்ம ஆளு. அவன் கையில குடுத்துட்டா நேரா பெரியவர்ட மேசைக்குப் போகும். நாளைக்குக் காலையில சிமெந்தோட வாறாங்களாம். ஹோல்ட் போர்டு இப்ப சும்மா ஒரு தடியிலதான் கட்டியிருக்கு. சிமெந்து போட்டு நட்டுட்டா ஹயாத்துள்ள வரைக்கும் அசைக்க ஏலாது.

— அப்ப நீங்களே றஹீமோட மாத்தளைக்குப் போங்களேன். கோட்டு வாசல்ல நடராஜா ஐயா இருப்பாரு. பெட்டிசம் எழுதுறது அவர்ட தொழில். அவரு எழுதினா எடுபடும்.

— வீட்டுல எழுத்த வச்சிட்டு என்னத்துக்கு வெளிய போகணும்? அலுவிகாரையில சிங்களப் புள்ளைங்களோட வாங்குல இருந்து படிச்சவ நீ. இந்த றோட்டுல சிங்களம் கதைக்கிற நம்ம ஆளுங்க நூறு பேர் இருப்பாங்க. எழுதுறவ நீ ஒருத்திதான். ஸக்கரியாட பொஞ்சாதிக்கு வருமா? கையெழுத்துப் போடச் சொன்னா பெருவெரலைத் தேடுவா. அவனுக்கு மேல நான் நிக்கிறது இந்த ஒண்டுலதான். அதையும் கொண்டுபோய் நடராஜா கையில குடுக்கவா?

— எழுத்து வடிவா இருந்தா மட்டும் போதாது.

— எல்லாம் போதும். பெட்டிசத்தால போனது பெட்டிசத்தாலதான் திரும்பி வரணும். றஹீம் சொன்னானே, ஹோல்ட் மாறினதுக்குக் காரணமே ஆபீசுக்குப் போன ஒரு பெட்டிசமாம். "இவ்விடத்துப் பெண்கள்"ண்டு பேரு போட்டிருந்ததாம். எந்தப் பெண்கள்? மீசை வச்ச பெண்கள்! ஸக்கரியாதான் யாரையோ புடிச்சு எழுதியிருக்கான்.

— அவருதாண்டு நீங்க கண்டீங்களா?

— யாருக்கு ஆதாயம்? அவனுக்கு. வேற சாட்சி என்னத்துக்கு? என்ன, பேனைச் சத்தத்தக் காணம்?

— மை காஞ்சிட்டு. பேனைய தொட்டுக்கிறேன்.

— தொட்டுக்க. இனி முக்கியமானது. "காலை ஏழு மணி பஸ்ஸில் வரும் டீச்சர்மாருக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது."

— டீச்சர்மாருக்கா, டீச்சருக்கா?

— என்ன கேக்கிற?

— ஏழு மணி பஸ்ஸுல ஒரே ஒரு டீச்சர்தான் வாறா. சந்திரகாந்தா டீச்சர். ஆபீசுக்கு எழுதுறத சரியா எழுதணும்ல.

— சரி, டீச்சருக்குண்டு போடு.

— அவக்கு அங்க என்ன கஷ்டம்? டீ இருக்கு. வாங்கு இருக்கு. பாட்டும் இருக்கு.

— அவன்ட வாங்கு ஆடும்.

— நீங்க தொடைச்சுப் போடுற வாங்கு ஆடாது.

— என்ன கதை கதைக்கிற நீ?

— கடைக்கு வாற எத்தன பேருக்கு தோள்ல கெடக்கிற துணிய எடுத்து வாங்கு தொடைக்கிறீங்க? டீ ஆத்துற சத்தம் எனக்கு உள்ளுக்குக் கேக்கும். மத்தவங்களுக்கு ரெண்டு தரம். அவக்கு ஏழு தரம்.

— எண்ணினியா?

— அடுப்படியில வேற என்ன இருக்கு எண்ண?

— புருசன் புள்ளகுட்டியோட இருக்கிற மனுசி அவங்க.

— அதுவும் தெரியும். சீலை மடிப்புக் கலையாம, கொடைய புடிச்சிட்டு எறங்குறதையும் திரை ஓட்டையால கண்டிருக்கேன். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குக் கஷ்டம் பஸ் போனதா, பஸ்ஸுல வந்தவ போனதா? அதத் தெரிஞ்சா எழுத லேசு.

— மெதுவாக் கதை. அழகமுத்து வந்துருவான்.

— அவன் பாட்டுக் கேக்கிறான். நம்ம புள்ள மஸீனா மவுத்தாகி ரெண்டு வருசம். இந்த ரெண்டு வருசத்துல நீங்க சிரிச்ச ஒரு சத்தம் இந்த வீட்டுக்குள்ள நான் கேக்கல்ல. சோத்தப் போட்டா திண்டீங்க. பாயப் போட்டா படுத்தீங்க. என்ன ஏசக்கூட இல்ல. ஆனா வாசல்ல ஒரு நாள் சிரிச்சீங்க. அவ டீ குடிச்சிட்டு என்னத்தையோ சொன்னா, நீங்க தலையில கைய வச்சிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சீங்க. றோட்டுல போனவங்க திரும்பிப் பாத்தாங்க. நான் இந்தத் திரையப் புடிச்சிட்டு நிண்டேன்.

— எண்டைக்கு அது?

— பெரிய மழை விட்டுதே, அண்டைக்கு.

— ஓ. அண்டைக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— இருக்கும். இல்லாமலா?

— கேளு. டீச்சர் ஒரு நாள் வகுப்புல ஒவ்வொரு புள்ளையா எழுப்பி, ஒங்க வாப்பா என்ன விக்கிறாருண்டு கேட்டாங்களாம். ஒருத்தி துணிண்டாளாம். ஒருத்தன் கருவாடுண்டானாம். இவ எழும்பி, எங்க வாப்பா பணிஸ் விப்பாரு, வாழப்பழம் விப்பாரு, ஸக்கரியா மாமாவுக்கு ஏசுறத மட்டும் சும்மா குடுப்பாருண்டாளாம்.

— யாரு எழும்பி?

— யாரா? மஸீனாதான்.

— மஸீனாவா சொன்னா?

— ஒம்பது வயசுல! வகுப்பே சிரிச்சுதாம். டீச்சர் அத அவள மாதிரியே இடுப்புல கைய வச்சு சொல்லிக் காட்டினாங்க. எனக்கு அடக்க ஏலாமப் போச்சு.

— எனக்கு நீங்க இத சொல்லல்ல.

— எப்பிடிச் சொல்ல? அவட பேர எடுத்தா நீ எழும்பி உள்ளுக்குப் போயிருவ. அவட சட்டை எல்லாத்தையும் பக்கத்து வீட்டு ஜுனைதாட புள்ளைக்கு குடுத்தனுப்பின. வீட்டுக்கு வாறவங்களுக்கும் சொல்லி வச்சிருக்க, பேர எடுக்க வேணாம்ண்டு. நீ முந்தி என்ன எப்பிடிக் கூப்புட்ட? மஸீனாட வாப்பாண்டு. இப்ப "இந்தாங்க". ஊருக்கு நான் முதலாளி. பள்ளிவாசல்ல பதுர்தீன் நானா. எதிர்ப்பக்கம் கேட்டுப் பாரு, அவன்ட மக பேரச் சொல்லித்தான், விடிஞ்சதுல இருந்து ஆஸியாட வாப்பா சீனி தாங்க, ஆஸியாட வாப்பா தீப்பெட்டி தாங்க. அவன்ட கடைக்கு எத்தன பேர் போறாங்கண்டு பாத்து வயிறு எரியுறேண்டுதானே நீ நெனச்ச? எரியுறதுதான். ஆனா அந்தக் கூப்பாட்டக் கேட்டுத்தான் எரியுறேன்.

— அந்த டீச்சர்...

— அவங்க ஒருத்தர்தான். பஸ்ஸால எறங்கி, கொடைய மடக்கிட்டு, மஸீனாட வாப்பா, டீ இருக்காண்டு கேப்பாங்க. ஒரு நாளைக்கு ஒரு தரம். டீ முடியிறதுக்குள்ள அவளப் பத்தி ஒரு சேதி சொல்லுவாங்க. ஸிலேட்ட ஒடச்சிட்டு ஒளிஞ்சிருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டுல எப்பவும் ஒரே எடத்துல பிழை விட்டது. சொன்னதையே திருப்பியும் சொல்லுவாங்க, நான் புதுசு மாதிரி கேப்பேன். அதுக்குத்தான் ஏழு தரம் ஆத்தினேன், போதுமா? ஆத்துற நேரம் கூடினா கதை கூடும்.

— இப்பவும் வரலாமே. றோட்டத் தாண்டினா கடைதானே.

— எப்பிடி வருவாங்க? ஸக்கரியாட வாசல்ல எறங்கி, அத்தன ஆம்புளைங்களுக்கு நடுவால வந்து, றோட்டத் தாண்டி என்ட கடைக்கு டீ குடிக்க வந்தா ஊரு சும்மா இருக்குமா? முந்தி எறங்கின எடத்துல குடிச்சாங்க, ஒருத்தனுக்கும் சொல்ல ஒண்டும் இல்ல. இப்ப அங்க இருந்து தலைய மட்டும் ஆட்டிட்டு நடந்துருவாங்க. மூணு மாசமாச்சு ஸுபைதா. குழாய் அவன்ட்ட இருக்கட்டும். லாம்பும் ரேடியோவும் இருக்கட்டும். நல்ல பாணையும் அவனே எடுக்கட்டும். அந்த ஏழு மணி பஸ்ஸ மட்டும் எனக்குத் திருப்பித் தரச் சொல்லி எழுது.

— ஆபீசுக்கு இத எப்பிடி எழுதுறது?

— டீச்சர வெட்டிரு. முழங்கால் வருத்தக்காரங்களுக்கு மேடு ஏற ஏலாதுண்டு போடு. எதையாவது போடு. அந்தா, றைவர் எஞ்சின ஸ்டாட் பண்ணிட்டான். இதுவரைக்கும் எழுதினத வாசி, கேப்போம்.

— வாசிக்க ஒண்டும் இல்ல.

— என்ன, ஒண்டும் இல்லயா?

— "ஐயா"ண்டு மட்டும்தான் இருக்கு.

— இவ்வளவு நேரமும் பேனை கீறின சத்தம் கேட்டுதே!

— அந்தச் சொல்லுக்கு மேலயே எழுதிட்டு இருந்தேன்.

— ஏன்? கை ஏலாமயா? திரைய ஒதுக்கு பாப்போம். அழறியா? அழாதே புள்ள. அவட கதை இன்னும் மிச்சம் இருக்கு என்ட்ட. எல்லாத்தையும் ஒனக்குச் சொல்றேன், ஒண்டு விடாம. இப்ப நாலு வரி எழுது. றஹீம் றோட்டத் தாண்டி வாறான்.

— வேற யாருட்டயாவது எழுதி எடுங்க.

— வேற யாரு இருக்கா? இந்த றோட்டுல சிங்களம் எழுதுற பொம்புளை நீ ஒருத்திதானே!

— அதனாலதான் சொல்றேன். ஹோல்ட்ட அந்தப் பக்கம் மாத்தச் சொல்லிப் போன பெட்டிசத்துக்குப் பக்கத்துல இதையும் வச்சாங்கண்டா, ரெண்டையும் எழுதினது ஒரே கைண்டு அவங்களுக்கு வெளங்கிரும்.