‘வேலை செய்கிறார்’ என்று எழுதிய கைக்கு

எழுத்தால் எங்களை ஆண்டவரே! ஏட்டைப் புரட்டினால் எள்ளளவும் பிழை காணாத எங்கள் ரிஜிஸ்டர் அக்காவே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இப்பள்ளி அலுவலகத்தில் அமர்ந்து, பிள்ளைகளின் பெயர்களை முத்துமுத்தாய்ப் பதிந்த எழுத்தரே! வணக்கம்.

நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் இனிக்க இனிக்க வாழ்த்தத்தான் வந்தோம். ஆனால் வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

சேர்க்கைப் பதிவேட்டின் ஏழாம் கட்டம் ‘பெற்றோர் தொழில்’. அதைப் பார்த்துத்தான் இங்கே வகுப்பு பிரித்தார்கள். மருத்துவர், வழக்கறிஞர், வங்கி மேலாளர் பிள்ளைகளுக்கு ‘அ’ பிரிவு, காற்றோட்டமான மாடி, கைதேர்ந்த ஆசிரியர். மூட்டை தூக்குபவர், துணி தேய்ப்பவர், பாத்திரம் கழுவுபவர் பிள்ளைகளுக்கு ‘ஈ’ பிரிவு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இருட்டறை, ஆண்டுக்கு மூன்று தற்காலிக ஆசிரியர். பிறகு தேர்வு முடிவைக் காட்டி, “படிப்பெல்லாம் ரத்தத்துலயே வரணும்” என்றார் தலைமையாசிரியர். வீட்டில் சொல்லித்தர ஆளுள்ள பிள்ளை முந்தும், உண்மைதான். ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஆளாய் இருக்கத்தானே பள்ளி? நாங்களோ வாய்மூடிக் கிடந்தோம். வெட்கக்கேடு!

நீங்கள் கிடக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூற்று அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழாம் கட்டத்தில் ‘வேலை செய்கிறார்’ என்றே எழுதினீர்கள்.

“என்னம்மா இது, எல்லாருக்கும் ஒண்ணயே எழுதி வச்சிருக்கீங்க?” என்று தலைமையாசிரியர் குதித்தார்.

“எல்லாரும் வேலைதானே சார் செய்றாங்க” என்றீர்கள், தலை நிமிராமல்.

வேறு வழியின்றி, வந்த வரிசைப்படி வகுப்பு பிரித்தார்கள். உங்களுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. கைக்கெட்டிய பதவி உயர்வு போனது. அடுத்த ஆண்டும் அதையே எழுதினீர்கள்.

அந்தப் பிள்ளைகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பை முடித்தார்கள். கொத்தனார் மகளும் வழக்கறிஞர் மகனும் ஒரே பெஞ்சில் படித்து, கணக்கில் ஒரே மதிப்பெண் வாங்கினார்கள். தவறியவர் மூவர், அதில் ஒருவன் வங்கி மேலாளர் மகன். ரத்தம் எங்கே போயிற்றோ!

திங்கட்கிழமை புதுச் சேர்க்கை. ஏழாம் கட்டத்தை ‘இனியாவது ஒழுங்காக’ நிரப்பும்படி உங்கள் நாற்காலிக்கு வருபவரிடம் தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். என்ன எழுத வேண்டும் என்று நாங்களும் அவரிடம் சொல்லிவிட்டோம். இம்முறை குறிப்பாணை வந்தால் எங்கள் எல்லோருக்கும் வரட்டும்.

கண்ணொளி குன்றாமல், கைவன்மை குறையாமல், நோய்நொடி அண்டாமல் நூறாண்டு இருங்கள், அக்கா!

இங்ஙனம், ஏழாம் கட்டத்தை நிரப்பிக் கையொப்பமிடும் உடன்பணியாளர்கள்:

கணித ஆசிரியை: அம்மா வீடு வீடாகப் பாத்திரம் கழுவினார்.
அறிவியல் ஆசிரியர்: அப்பா மூட்டை தூக்கினார்.
நூலகர்: அப்பா நீதிபதி. நான் கணக்கில் இருமுறை தவறினேன்.
தலைமையாசிரியர்: இன்னும் நிரப்பவில்லை. இதே பள்ளியில் படித்தவர். பழைய பதிவேட்டில் அவருடைய ஏழாம் கட்டம் இருக்கிறது. அக்கா அதை ஒருநாளும் யாருக்கும் காட்டியதில்லை.