ஜீப் வந்தால் சாத்தும் கதவு

"ஓடுங்கலே! தகரத்துப் பக்கம் நிக்காதீக! ஓடுங்க!"

கொட்டகைக்குள்ளிருந்து யாரோ கத்துகிறார்கள். ஓடுகிறேன். முதலில் ஒரு டமார். பிறகு படபடவென்று நிற்காத சத்தம். சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன். தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனி வேலிக்கு வெளியே காசநோய் முகாம் போட்டிருந்தேன். மேசை, சளி டப்பா, மாத்திரைப் பெட்டி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எனக்கு முன்னால் பேச்சியம்மாள் ஓடுகிறாள். என் நோயாளி. ஆறு மாத மாத்திரையில் இரண்டு மாதம்தான் முடித்திருந்தாள். இருமிக்கொண்டே கருவேலங்காட்டுக்குள் மறைந்தாள்.

வெளிநாட்டு அகதி முகாம்களில் பல வருடம் இதே நோயைத் துரத்தியவள் நான். குண்டு விழும். சனம் சிதறும். மாத்திரை நிற்கும். கிருமி முன்னைவிடக் கெட்டியாகத் திரும்பும். இங்கேயும் அதே கதைதான் என்று அன்றே பயந்தேன்.

கம்பெனியைப் பூட்டினார்கள். அனுமதிக்கு மேல் ஆள் வைத்திருந்தது வெளியே தெரியக் கூடாது. ஜீப்பில் யார் வந்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று போர்மேன் வீடு வீடாகச் சொல்லிவிட்டான். சூலக்கரை அரசு அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறவர்களுக்கு வெள்ளை ஜீப். எனக்கும் வெள்ளை ஜீப்.

பேச்சியைத் தேடிப் போய் இறங்குகிறேன். தெருவே கதவைச் சாத்துகிறது. பேச்சியின் தங்கச்சி மூக்கம்மா மட்டும் தன் வீட்டு வாசலை மறித்து நிற்கிறாள்.

"அக்கா இங்கன இல்ல டாக்டரம்மா. வெம்பக்கோட்டைக்கு மக வீட்டுக்குப் போயிட்டா."

உள்ளே இருமல். இழுத்து இழுத்து நிற்கும் இருமல்.

"அது யாரு?"

"எங்க மாமியா. வெடிமருந்துத் தூசிம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். எனக்குக் கோபம். போர்மேன் சொல்லிக்கொடுத்த பேச்சு என்று சந்தேகம். அவளுக்கும் என்மேல் சந்தேகம். மாத்திரையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை போனபோது அது குப்பையில் கிடந்தது. கம்பெனி கொடுத்தனுப்பிய மாத்திரை, தின்றால் சாட்சி சொல்ல நாக்கு எழாது என்று ஊருக்குள் பேச்சு.

மூன்றாம் முறை பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். கதவு திறந்து கிடக்கிறது. மூக்கம்மா வாசலில் கட்டிலைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் உடைந்தாள்.

"சாட்சி சொல்ல இழுத்துட்டுப் போயிருவீகன்னுதான் ஒளிச்சு வச்சோம். முந்தியே இப்படி நடந்து வந்திருக்கப்பிடாதா தாயி?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

வெடியில் இறந்தவர்கள் இருவர் என்கிறது அரசு. பேச்சியம்மாளோடு மூவர் என்கிறேன் நான். மூக்கம்மாவுக்கும் இருமல் தொடங்கிவிட்டது.