ஆவி அடங்குவதற்குள்

முதலில் உட்காருங்கள், தம்பி. என் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. நான் நடத்திய கூட்டங்களில்தான் நாற்காலியே கிடையாது. விசாரிக்க வந்த உங்களுக்கு அங்கிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

நான் பொறுப்புக்கு வருமுன் அந்தக் கட்டுமானத் தளத்தில் காலைக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்து மூடுவதற்குள் பிளம்பருக்குத் தாடி வளர்ந்துவிடும். கல்யாணமாகாமல் உள்ளே போன ஸ்டோர்கீப்பர் பேரன் எடுத்துத்தான் வெளியே வந்தார். சரி, பேரன் கொஞ்சம் அதிகம். பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டேன். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒரு மஞ்சள் ஹெல்மெட் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். என் மேஜைமேல் ஒரு டம்ளர் டீ. அதில் ஆவி அடங்குவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஹெல்மெட்டை வாங்கி நான் தலையில் போட்டுக்கொண்டால் கூட்டம் முடிந்தது. முடிந்ததை யாரும் வெளியே போய்க் கிளறக் கூடாது. காக்காய்கூட எங்கள் ஜன்னலில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டு போனது.

சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவர் இருந்தார். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் பலகையும் முட்டுக்காலும் அவர் பொறுப்பு. எந்நேரமும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் 'பல்லி' என்று பெயர். தங்கமான மனிதர். பேச்சுதான் ரொம்ப நிதானம். அவர் "அது வந்து" என்று தொடங்கினால் டீ ஐஸ் கட்டிவிடும்.

அன்றைக்கு என் கூட்டத்தைப் பார்க்க முதலாளியே வந்திருந்தார். பிடித்துப்போனால் எல்லாத் தளங்களிலும் இதே முறைதான். கீழ்க்கூடத்து முட்டுக்கால்களை இன்றே பிரித்துவிடலாம், டைல்ஸ் போடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வலப்பக்கம் நின்ற பல்லி ஆட்டவில்லை.

ஹெல்மெட் வழக்கமாக வலப்பக்கம்தான் போகும். அன்று இடப்பக்கம் கொடுத்தேன்.

"சார், அது வந்து..."

"ஹெல்மெட் யார் கையில இருக்குண்ணே?" என்றேன்.

"சுவத்த விட்டு இறங்கி வரிசைல நில்லு, பல்லியண்ணே" என்றார் எலக்ட்ரீஷியன். முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

ஹெல்மெட் சுற்றி வருவதற்குள் டம்ளரில் ஆவி நூலாக இளைத்திருந்தது. பல்லி இரண்டு கையையும் நீட்டியிருந்தார். அந்தக் கைகளுக்கு மேலாக எட்டி வாங்கி, தலையில் போட்டுக்கொண்டேன். முதலாளி கை தட்டினார்.

வாசலில் வந்து பிடித்துக்கொண்டார் பல்லி. "சார், கீழ்க்கூடத்துக் கூரையில நடுவுல கான்கிரீட்டு இன்னும் பச்சையா இருக்கு. பேஞ்ச மழையில இறுகவே இல்ல. முட்டுக்கால உருவினா நிக்காது."

எனக்கு நன்றாகவே புரிந்தது. நானும் இதே தொழிலில் நரைத்தவன்தானே. ஆனால் முதலாளி காதுக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

"நாளைக் கூட்டத்துல சொல்லுங்கண்ணே. முதல் ஆளா உங்க கையில தரேன்."

கூரையைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப என் பசங்கள அனுப்ப மாட்டேன். நானே உருவுறேன்."

"நீங்களே உருவுங்க. பாத்து."

'பாத்து' என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது நிற்காது என்று தெரிந்தேதான் அவரை உள்ளே அனுப்பினேன். ஆனால் கூட்டம் முடிந்துவிட்டதே, தம்பி.

நான் எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவன் என்று என் மனைவி சொல்வாள். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூரை விழுந்த சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்கிய மாதிரி. பிறகு தூசி.

கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. மறுநாள் காலை, முதல் வேலையாக ஹெல்மெட்டை அவர் நிற்கும் இடத்தில் தரையில் வைத்தேன். வட்டமாக நின்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துப் பேச யாரும் குனிந்து எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன்கூட. கடைசியில் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டது, தம்பி. நான் நடத்தியதிலேயே சிறந்த கூட்டம் அதுதான்.