முதுகுக்குப் பின்னால் சூரியன்

— ஏட்டி வேல்விழி, நாளைக்கு விசாரணையில கேட்டா இதத்தான் சொல்லணும். நல்ல வெயில் அடிச்சுது, அருவியில வெள்ளம் வரும்னு யாருக்கும் தெரியாது. வெளங்குதா?

— வெளங்குதுண்ணே.

— மவ அபியப் பறிகொடுத்த நீயே அப்படிச் சொல்லிட்டேன்னா என் வேலைக்கு ஒண்ணும் ஆவாது.

— அவ படத்துக்கு மால போட்டுருக்கு. அதுக்கு முன்னால இருந்துக்கிட்டு வேலயப் பத்திப் பேசுதியே?

— பொறவு? பிள்ளையளுக்கு யாரு சோறு போடுவா? அருவிக்கரையில காவல் நிக்கித போலீசு நான். மலைக்குள்ள என்ன நடக்குன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?

— அன்னிக்கு மலைக்கு மேல வானவில் நின்னுதுல்லா.

— வானவில்லா? அருவிச் சாரல்ல தெனமும் காலையில தெரியும். அதப் பாத்துட்டுக் கூட்டத்த வெரட்டவா முடியும்?

— சாரல்ல இல்ல. உச்சியில, காட்டுக்கு மேல. இந்தா, போனப் பாரு. வெள்ளம் வாரதுக்குக் கொஞ்சம் முன்னால அபி எனக்கு அனுப்புன படம்.

— சரி, இருக்கட்டும். அதுக்கு என்ன இப்போ?

— பரீச்சைக்கு அவ சத்தம் போட்டுப் படிப்பா, அடுப்படியில எனக்குக் கேக்கும். சூரிய வெளிச்சம் மழத்துளிக்குள்ள நுழையும்போது வளஞ்சு கலர் கலராப் பிரியுது. உள்ள பின்பக்கத்துல பட்டுத் திரும்பி, வெளிய வரும்போது இன்னொருக்க வளஞ்சு நம்ம கண்ணுக்கு வருது. அதனால சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும், மழ மொகத்துக்கு முன்னால இருக்கும். காலையில சூரியன் கெழக்க, தென்காசிப் பக்கம்; மல மேக்க. அப்போ மலையில என்ன?

— மழ.

— வானமே காட்டிக் குடுத்திருக்கு. நீ விசில் ஊதிருந்தா எல்லாரும் கரையேறிருப்பாவ. எம்புள்ள இருந்திருப்பா.

— நான் பாக்கலட்டி! கார் நிறுத்துத எடத்துல டிராபிக்க ஒதுக்கிக்கிட்டு நின்னேன். அங்கன இருந்து அருவியே தெரியாது.

— உனக்கு இட்லி கொண்டு வந்தாளே?

— எங்கிட்ட வரவே இல்ல, சாமி சத்தியமா. வந்திருந்தா தண்ணிக்கிட்ட விட்டுருப்பேனா? தாய்மாமன்லா! என் மடியில வச்சுத்தானட்டி அவளுக்குக் காது குத்துனோம்.

— அப்போ இந்தப் படத்த எடுத்தது யாரு? ரெண்டு கையாலயும் தூக்குவாளியப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. செல்பி இல்ல இது.

— ஊர் பாக்க வந்தவன் எவனாவது எடுத்துருப்பான்.

— இன்னொண்ணும் படிப்பாண்ணே. வானவில்லப் பாக்குதவனோட நிழல் அவனுக்கு முன்னாலதான் விழும்னு. கீழ பாரு. படம் எடுத்தவன் நிழல் அவ காலடி வரைக்கும் நீண்டு கெடக்கு.

— நிழல வச்சு ஆளச் சொல்ல முடியுமாட்டி? எல்லா நிழலும் கறுப்புத்தான்.

— தலையில போலீஸ் தொப்பி தெரியுது. கக்கத்துல இடுக்குன லத்தியும் தெரியுதுண்ணே.